'கோ'வுக்கு 'வென்ட்' எங்கிருந்து வந்தது?

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் ஒருவர், 'வென்ட்' என்பதற்குப் பதிலாக, 'போ' என்று பொருள்படும் 'கோ'வின் முடிவில் 'ஈடி' சேர்த்து இறந்தகாலம் சொல்லிவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு இது பிடிப்பதே இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் அப்படிச் சொல்கிறவர்கள்தான். அதிலும் பல குழந்தைகள் முதலில் 'வென்ட்' என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, 'வாக்', 'டாக்' போன்ற சொற்களின் விதி பிடிபட்ட பிறகு அதை 'கோ'விலும் போட்டுப் பார்க்கின்றன. விதி மண்டையில் ஏறிவிட்டதற்கு அடையாளம் அது. அதைப் போய்க் கேலி செய்வது அநியாயம்.

சரி, 'வென்ட்' எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்தில் போவதற்கு 'கான்' (இன்றைய 'கோ'வின் பழைய வடிவம்), போனான் என்பதற்கு 'ஏயொடெ'. அப்போதே இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதே காலத்தில் 'வெண்டன்' என்று இன்னொரு வினை இருந்தது. பொருள்: திருப்புதல், திரும்புதல். முறுக்கு, சுற்று என்று பொருள்படும் 'வைண்டு' இருக்கிறதே, அதற்குப் பிறவினை இது. நம்முடைய சுழல்–சுழற்று மாதிரி. ஒரு திசை பார்த்துத் திரும்புவது, மெல்ல அந்தத் திசையில் போவதாகவே ஆகிவிட்டது. ஜெர்மனில் இந்தச் சொல் இன்றும் திருப்புவதைத்தான் குறிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். 'வெண்டன்' சுருங்கி 'வெண்டு' ஆனது (வண்டு, நண்டில் வரும் அதே டகரம்). 'செண்டு' என்பதற்கு 'சென்ட்', 'ஸ்பெண்டு' என்பதற்கு 'ஸ்பென்ட்', 'வெண்டு' என்பதற்கு 'வென்ட்'. எவ்வளவு ஒழுங்கு பாருங்கள்! தன் குடும்பத்துக்குள் அது இலக்கணம் தப்பவே இல்லை. 'ஏயொடெ'யின் வழிவந்த வடிவங்கள் வழக்கொழிய, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்தக் காலி இடத்தில் 'வென்ட்' வந்து உட்கார்ந்துகொண்டது. இறந்தகாலத்தைப் பறிகொடுத்த 'வெண்டு' தனக்கு 'வெண்டெட்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டு, இன்று 'வெண்டு ஒன்ஸ் வே' (தன் வழியே போவது) போன்ற ஓரிரு தொடர்களில் ஒதுங்கிக் கிடக்கிறது.

அப்புறம் ஸ்காட்லாந்து. அங்கே 'கோ'வுக்கு இணையான 'கே'வோடு 'ஈடி'யைச் சேர்த்து 'கேட்' என்று சொன்னார்கள். 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பாடல்களிலேயே அது வருகிறது. கற்கிறவர் வாயில் நாம் பிழை என்று சிரிக்கும் அதே அமைப்பு!

'கோ, வென்ட், கான்' என்று பட்டியலைக் கொடுத்து உருப்போடச் சொல்லும் ஆசிரியர்கள் இந்தக் கதையையும் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம் போதும். ஏன் என்று கேட்கும் மாணவரிடம் "அது அப்படித்தான், கேள்வி கேட்காதே" என்பது பதிலே ஆகாது. 'கோ'வை முடித்த கையோடு, 'இரு' என்று பொருள்படும் 'பி' வினைக்குப் போகலாம். அங்கே 'ஈஸ்' ஒரு வேர், 'வாஸ்' ஒரு வேர், 'பி' இன்னொரு வேர்.