உயிலில் ஒரு பங்கு

உயிலில் அறப்பணிக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம் என்று அண்மையில் படித்த ஒரு கட்டுரை என் அம்மாவின் இறுதி வாரங்களை நினைவூட்டியது. குணப்படுத்த முடியாத நோயாளிகளைப் பராமரிக்கும் அற அமைப்பாக 1991 முதல் இயங்கிவரும் ஹோஸ்பிஸ் மலேசியாவின் தாதியர், கோலாலம்பூர் செந்தூலில் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்து, ஒரு காசும் வாங்காமல், வலிக்கான மார்ஃபினை எந்த நேரத்தில் எவ்வளவு கொடுப்பது, படுக்கைப்புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்றெல்லாம் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தனர். அம்மா தம் சொந்தக் கட்டிலில், பேரப்பிள்ளைகளின் குரலைக் கேட்டபடியே கண்மூடினார்.

தீபகற்ப மலேசியாவிலும் சரவாக்கிலும் முஸ்லிம் அல்லாதோர் உயில் எழுதாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி சொத்து உறவினருக்கே போகும். மனத்தில் நினைத்திருந்த கொடை போய்ச் சேராது. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் ஒருசேர உடனிருக்கவேண்டும். உயிலால் பயன்பெறுபவரே சாட்சியாகக் கையெழுத்திட்டால் அவருடைய பங்கு செல்லாது என்பதையும் பலர் அறிவதில்லை. பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, பத்தில் ஒரு பங்கை அறப்பணிக்கென நானும் எழுதிவைத்திருக்கிறேன்.