முத்துச்சிப்பியும் பிரிக்காத கார்டு பெட்டியும்

பெருநாளுக்குத் துபாயிலிருந்து வந்த மச்சான், தன் மகனுக்கு ஒரு பெட்டி கிரிக்கெட் கார்டு வாங்கி வந்திருந்தார்; வீரர் படம் போட்டு, சேகரிக்கிறவர்களுக்காக மூடிய பாக்கெட்டில் விற்பது. உள்ளே 24 பாக்கெட். உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில், வரிசை எண் போட்ட அபூர்வக் கார்டு 1:24 என்றிருந்தது.

"மாமா, 24 பாக்கெட்டுக்கு ஒன்னு. பெட்டியிலயும் 24. அப்ப கட்டாயம் ஒன்னு இருக்கு" என்றான் மருமகன்.

திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழித்தான். கடைசிப் பாக்கெட் வரை ஒன்றும் வரவில்லை. கிழித்த உறைகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான். மச்சானுக்குக் கடைக்காரர் மேல் கோபம்.

அவர் மேல் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். 1:24 என்பது அச்சடித்த மொத்தச் சரக்குக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. கார்டுகள் நன்றாகக் கலந்து கிடந்தால், ஒரு பாக்கெட் வெறுமையாக இருக்க 24-க்கு 23 வாய்ப்பு. 24 பாக்கெட்டுக்கும் அந்த 23/24-ஐ ஒன்றோடொன்று பெருக்கினால் 0.36 வரும். நூறு பெட்டி பிரித்தால் ஏறக்குறைய 36 பெட்டியில் ஒன்றுமே இராது. சிலவற்றில் இரண்டு மூன்று இருக்கும். 'பெட்டிக்கு ஒன்று நிச்சயம்' என்று தனியாக அச்சிட்டிருந்தால்தான் கதை வேறு.

கீழக்கரைக்காரனுக்கு இது புதுசா? நம்மூர் ஆட்கள் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில் சிப்பியைப் பிளக்காமல் ஆயிரக் கணக்கில்தான் ஏலம் விட்டார்கள். குளித்தவருக்குக் கூலியும் சிப்பிதான், பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஏலத்துக்கு முன்பே பாரிலிருந்து, அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டிலிருந்து, கொஞ்சம் சிப்பி எடுத்து, பிளந்து, கிடைத்த முத்தை மதிப்புப் போட்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு தேறும் என்று கணக்குப் பார்த்துவிடுவார்கள். கார்டு பெட்டியில் அந்த வசதி கிடையாது. பிரித்துப் பார்த்தால் பிரிக்காத பெட்டியின் விலை போய்விடும்.

அந்த விலை சும்மா இல்லை. ஓ-பீ-சீ என்ற நிறுவனத்தின் 1979-80 ஐஸ் ஹாக்கி கார்டுகள், பல பெட்டிகள் அடங்கிய பிரிக்காத ஒரு கேஸ், கனடாவில் ஒரு வீட்டில் கிடைத்து, 2024-ல் 37 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. 16 பெட்டி, பெட்டிக்கு 48 பாக்கெட், பாக்கெட்டுக்கு 14 கார்டு. மொத்தம் 10,752. அந்தத் தொகுப்பில் 396 விதம் என்பதால், புகழ்பெற்ற ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியின் முதல் கார்டு சராசரியாக 27 இருக்கலாம். சரி, 27 இருந்தால் போதுமா? 2021-ல் அதே கார்டு ஒன்று 37.5 லட்சம் டாலருக்குப் போனது, மாசுமருவில்லாத பத்துக்குப் பத்து தரம் என்பதால். அந்தத் தரம் வாங்கியவை அப்போது மொத்தமே இரண்டுதான். மிச்சத்தில் ஓரம் பிசிறியதும் அச்சு ஒரு பக்கம் தள்ளிப்போனதும் நிறைய.

நான் அதிகம் பயப்படுவது உதிரிப் பாக்கெட்டுக்குத்தான். வீரர் போட்ட சட்டைத் துணியை ஒட்டிய கார்டு தடிமனாக இருக்கும். விரலால் அழுத்தியும், தங்கம் நிறுக்கிற மாதிரித் தராசில் வைத்தும் கனமானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விற்கிறவர்கள் உண்டு. அப்புறம் உறையில் அச்சடித்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? பாம்பனில் மீன் கூறு வாங்கும்போது மேலே கிடக்கிற நாலு நல்ல மீனை மட்டும் பார்த்தா விலை பேசுகிறோம்? கையை விட்டு அடியைப் புரட்டுகிறோமில்லையா? மூடிய பெட்டியில் புரட்ட முடியாது என்பதால் யாரிடம் வாங்குகிறோம், ஒட்டிய சுற்றுத்தாள் தயாரித்தவருடையதுதானா என்று பார்ப்பதே பாதி வேலை.

ஒரு குறிப்பிட்ட வீரரின் கார்டுதான் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், பெரும்பாலும் அதுவே மலிவு. கிழிக்கிற சந்தோஷத்துக்கு என்றால் ஏர்வாடி சந்தனக்கூட்டில் ராட்டினத்துக்குக் கொடுத்த காசாக எழுதிவிட வேண்டியதுதான்.

இதையெல்லாம் மருமகனிடம் பொறுமையாகச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

"அப்ப ரெண்டு பெட்டி வாங்குனா, மாமா?"

"அப்பவும் நூற்றுக்கு 13 தடவை ஒன்னும் வராதுடா."

"36-லேருந்து 13-ஆ!" என்று வாப்பாவைத் தேடி உள்ளே ஓடினான்.