சளிக்கு ஊசி கேட்கிறோம், பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறோம்

மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்து பகாவ் மாதிரி தோட்டத்து டவுனில் வாழ்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். இரண்டு நாள் சளி, இருமல் என்றால் உடனே தனியார் கிளினிக். ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தால்தான் அவர் நல்ல டாக்டர். 50, 60 வெள்ளி போனாலும் பரவாயில்லை. அதே ஆள், அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி வாங்கும் பிரஷர் மாத்திரையையும் இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) மாத்திரையையும் "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று அலமாரியில் போட்டுவிடுவார். நான் டாக்டர் இல்லை. மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் பல வருடம் நின்றவள். பிரிக்காமலே திரும்பி வரும் மாத்திரை அட்டைகளைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்துதான் இதை எழுதுகிறேன். எந்த மருந்து எவ்வளவு உதவும் என்று சோதித்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நாமோ ஆதாரம் குறைந்ததற்குக் காசைக் கொட்டுகிறோம், ஆதாரம் நிறைந்ததை ஒதுக்கிவைக்கிறோம்.

இருமலையே எடுத்துக்கொள்வோம். சளியும் பெரும்பாலான இருமலும் வைரசால் வருபவை. ஆன்டிபயாட்டிக் வைரசை ஒன்றும் செய்யாது. நெஞ்சில் சளி கட்டிய இருமலுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் கொடுக்காமலும் நடத்திய சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், மருந்து சாப்பிட்டவர்களுக்கு இருமல் ஏறக்குறைய அரை நாள் முன்னதாக நின்றது. அவ்வளவுதான். தொண்டை வலியில் கிடைத்த லாபம் சராசரியாக 16 மணி நேரம். அதற்குப் பதிலாக வயிற்றுப்போக்கு, உடம்பில் தடிப்பு, அப்புறம் பின்னால் உண்மையாகவே கிருமி தாக்கும்போது மருந்து கேட்காத நிலைமை.

இருமல் எத்தனை நாள் இருக்கும் என்று அமெரிக்காவில் மக்களிடம் கேட்டார்கள். 7 முதல் 9 நாள் என்றார்கள். ஆராய்ச்சிகளில் பார்த்தால் சராசரியாக 18 நாள். 2013இல் வந்த இந்த ஒரு கணக்கு நம் டவுனில் நடப்பதை எனக்கு அப்படியே விளக்கிவிட்டது. ஐந்தாம் நாள் ஒரு கிளினிக், பத்தாம் நாள் இன்னொன்று, பதினைந்தாம் நாள் போன மூன்றாவது டாக்டருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். தானாக அடங்க வேண்டிய நேரத்தில் இருமல் அடங்கியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று: மூச்சு வாங்கினால், சளியில் ரத்தம் வந்தால், காய்ச்சல் விடாமல் அடித்தால் காத்திருக்காதீர்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு டிபி பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். நம் நாட்டில் டிபி இன்னும் போகவில்லை.

செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கும் தூக்குகிறவர்களுக்கும் இடுப்புப் பிடிப்பு கூடவே பிறந்தது மாதிரி. ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலியோடு வந்த 1,650 பேருக்கு மேல் சோதித்து 2014இல் முடிவு வெளியிட்டார்கள். பாராசிட்டமால் சாப்பிட்டவர்கள் குணமாக 17 நாள் ஆனது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 16 நாள். படுத்தே கிடக்காமல் முடிந்தவரை நடமாடுவதுதான் இதற்கு இன்றும் சொல்லப்படும் முதல் வைத்தியம். தினக்கூலிக்காரனிடம் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். நாளைக்கே மரத்தடிக்குப் போயாக வேண்டிய மனுஷன் ஊசி கேட்கத்தான் செய்வான். ஊசி போட்டதும் வலி விட்டது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. முட்டிவலிச் சோதனைகளில் மருந்தில்லாத ஊசிகூட மருந்தில்லாத மாத்திரையைவிட அதிகமாக வலியைக் குறைத்திருக்கிறது. ஊசி என்றாலே உடம்பு நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா?

இப்போது அந்த அலமாரி மாத்திரைக்கு வருவோம். 123 சோதனைகள், 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். எல்லாவற்றையும் கூட்டி 2016இல் கணக்குப் பார்த்தார்கள். மேல் பிரஷரை 10 அளவு இறக்கினால் பக்கவாதம் 27 சதவீதம் குறைகிறது, சாவு 13 சதவீதம் குறைகிறது. பிரஷர் எந்த வலியும் காட்டாமல் இருப்பதால் மாத்திரையின் பலனும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வராமல் போன பக்கவாதத்தை யார் பார்த்தார்கள்?

இனிப்பு நீருக்கும் இதே கதை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டு இந்தியர்களில் பெரியவர்கள் பத்துப் பேரில் மூன்று பேருக்கு அது இருந்தது. இனிப்பு நீருக்குக் கொடுக்கும் மெட்போர்மின் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி நிறுத்துகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரை. கிட்னி ஏற்கெனவே பலவீனமானால் மெட்போர்மினின் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். அதைப் பார்த்துவிட்டு மாத்திரைமேல் பழி போடுகிறார்கள். மலேசியாவில் புதிதாக டயாலிசிசுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்பு நீரால் கிட்னி போனவர்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மெட்போர்மினுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த, 1998இல் வெளிவந்த இங்கிலாந்து ஆராய்ச்சியில் அந்த மருந்தைச் சாப்பிட்ட பிரிவில் இருந்தவர்கள் 342 பேர்தான். சாவு 36 சதவீதம் குறைந்தது என்றாலும், அவ்வளவு சின்னக் கூட்டத்தை வைத்து அடித்துப் பேச முடியாது. நமக்குப் பிடித்த மருந்தையும் இப்படித்தான் எடைபோட வேண்டும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஆராய்ச்சி, நம்ம உடம்புக்கு ஒத்துவராது" என்று எப்படியும் ஒருவர் சொல்வார். அவருக்காகவே இது. நூறு வருடத்துக்கு முன்னால் இந்த மண்ணில் வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயால் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட ஈயச்சுரங்கச் சீனத் தொழிலாளிகளுக்கு அதிகமாக வந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. நம் நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த பிராடன் என்ற டாக்டர் இதைக் கவனித்தார். 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்பவர் நோயாளிகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை எண்ணாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குப் பச்சரிசி, மறுபக்கத்துக்குப் புழுங்கல் அரிசி கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் பெரிபெரியால் 18 பேர் செத்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவர்கூட இல்லை. அந்த 18 பேரின் சம்மதத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அது பெரிய கொடுமை, இன்று யாரும் அப்படிச் செய்ய விடமாட்டார்கள். அடுத்து நம் மாநிலத்து ஜெலுபுவில் ரோடு போட்ட ஜாவாக்காரத் தொழிலாளிகளிடமும் பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதித்தார்கள். ஜெலுபு இங்கிருந்து எவ்வளவு தூரம்? நம் தாத்தா பாட்டியின் சோற்றுப் பானை சரிதான் என்று உலகத்துக்குக் காட்டியது அந்த முறைதான்.

அதனால் கைவைத்தியத்துக்கும் ஆங்கில மருந்துக்கும் ஒரே தராசு. குழந்தைகளின் இருமலுக்குத் தேன் உதவுகிறது என்று சோதனைகள் சொல்கின்றன, தாராளமாகக் கொடுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் கூடவே கூடாது. பாகற்காய் சர்க்கரையைக் குறைக்குமா என்று மலேசிய ஆய்வாளர்கள் கிடைத்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, போதிய ஆதாரம் இல்லை என்று 2012இல் எழுதினார்கள். கறியாக வையுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

டாக்டர்களும் இதில் கை கொடுக்க வேண்டும். கிளினிக்கும் பார்மசியும் மருந்து விலையை எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2025 மே மாதம் வந்தது, நல்லதுதான். அந்த மருந்தால் என்ன லாபம் என்பதை யார் சொல்வது? நம் பெரியவர்கள் மரியாதைக்காக வாயே திறப்பதில்லை. கூடப் போகிற பிள்ளைகளாவது கேளுங்கள்: இந்த மருந்து சாப்பிடாவிட்டால் என்ன ஆகும், சாப்பிட்டால் எவ்வளவு குறையும்? மலாய் டாக்டர் என்றால் அதையே மலாயில் "காலாவ் தாக் மாக்கான் உபாட் இனி, அப்பா ஜாடி, டாக்டர்?" என்று கேட்டால் போதும், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.