அந்தக் கல்லோட சைஸ் என்னன்னு ஒருத்தனாவது கேட்டீங்களாடா

நேத்து ஒரு வளைகாப்பு. பந்தில உக்காந்திருக்கேன், எலையில இப்பதான் சாம்பார் ஊத்திட்டுப் போறாங்க, எதுத்த வரிசையில இருந்து மாமா ஃபோனை நீட்டுறாரு. "மாப்ள, நீதான் இந்த ராக்கெட் சமாச்சாரம் எல்லாம் பாப்பியே, இதைப் பாரு, செவ்வாயில வாசப்படி வெச்சுக் கட்டியிருக்கான்." பாத்தா 2022 மே மாசம் செவ்வாயில ஊர்ந்து திரியற நாசா வண்டி, கியூரியாசிட்டி ரோவர் எடுத்த அதே படம். அந்தக் கதவுப் படம். செவப்புல வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, கான்ட்ராஸ்ட்டை ஏத்தி நெழலை எல்லாம் கன்னங்கரேல்னு ஆக்கி வெச்சிருக்கான் எவனோ. மூணு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க, இந்த ஒரு படத்துக்கு மட்டும் நான் எத்தன பேருக்குப் பதில் சொல்லியிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல.

மாமா, அது ஷார்ப் மலைச் சரிவுல இருக்கற ஒரு பாறை, அதுல வெடிப்பு ஒண்ணோட ஒண்ணு சேருற எடத்துல ஒரு துண்டு பேந்து விழுந்திருக்கு, அவ்ளோதான், அதோட ஒசரம் ஒரு அடி, சுமாரா முப்பது சென்டிமீட்டர், உங்க வீட்டுக் கோழியே தலையக் குனிஞ்சுதான் உள்ள போவணும்னு சொன்னேன். அதுக்கு அவரு கொஞ்சமும் யோசிக்காம "அப்ப அந்த ஊர்க்காரங்க குள்ளமா இருப்பாங்க மாப்ள"ங்கறாரு. பந்தியே சிரிக்குது. நான் என்னத்தச் சொல்ல.

எனக்கு மாமா மேல கோவம் இல்ல. கல்லுல மொகம் தெரியறது, மேகத்துல யானை தெரியறது எல்லாம் மனுசனுக்கு சகஜம், எனக்கும் தெரியும். எனக்கு வயிறு எரியறது எங்கன்னா, அந்தப் படத்தை வெட்டுனவன் இருக்கான் பாருங்க, அவன்கிட்ட. ரோவர் அனுப்புற படம் எல்லாம் நாசா தளத்துல சும்மாவே கெடைக்குது, எந்த நாள் எந்த கேமரான்னு கூடவே போட்டிருப்பான், யாரு வேணா எடுக்கலாம். அந்தக் கதவை வெட்டி எடுக்கணும்னா மொதல்ல முழுப் படத்தையும் தொறந்து, சுத்தி இருக்கற அத்தன பாறையையும் பாத்து, அதே மாதிரி நேர்க்கோட்டு வெடிப்பு நூறு இருக்கறதையும் பாத்துட்டுத்தான் வெட்டியிருக்கணும். தெரிஞ்சே வெட்டியிருக்கான். செவ்வாயில மரம் இல்ல, ஆளு இல்ல, லைட்டுக் கம்பம் இல்ல, கண்ணுக்கு அளவு புடிபட ஒண்ணுமே இல்ல, இருக்கற நாலு கல்லையும் நீயே வெட்டித் தூக்கிட்டீனா கோழிப்பொந்து கோயில் வாசலாத்தானே தெரியும்?

ஸ்பிரிட் ரோவர் 2007ல எடுத்த படத்துலயும் இதே கூத்துதான். கையை நீட்டிக்கிட்டு ஒரு பொம்பள மலையில உக்காந்திருக்கற மாதிரி இருக்கும், பெரிய பெரிய சேனல்ல எல்லாம் ஓடுச்சு. அது ரோவர்ல இருந்து சில மீட்டர் தூரத்துல, சில சென்டிமீட்டர் ஒசரத்துல கெடந்த கல்லு, உள்ளங்கையில அடங்கிரும். இன்னொண்ணு சொல்றேன், அந்த கேமரா கலர் படத்தை ஒரே கிளிக்குல எடுக்காது, ஃபில்டரை மாத்தி மாத்தி தனித்தனியா எடுத்துத்தான் சேப்பாங்க, நடுவுல அந்தம்மா லேசா அசைஞ்சிருந்தாக்கூட கலர் பிசிறடிச்சிருக்கும். இதை நான் சொன்னா, அப்ப ஆடாம அசையாம தவம் பண்ணியிருக்காங்கன்னு பதில் வருது. போதும்டா சாமி.

இவங்களாவது பரவால்ல. பக்கத்து எலையில சித்தப்பா பையன், இஞ்சினியரிங் ரெண்டாவது வருஷம், அப்பளத்தை நொறுக்கிக்கிட்டே "விடுங்கண்ணா, பரைடோலியா"ன்னான். கல்லுல மொகம் தெரியுதே, அதுக்கு இங்கிலீஷ்ல வெச்ச பேரு. அவ்ளோதான், அந்த ஒத்த வார்த்தையச் சொல்லிட்டு ஏதோ கேஸை முடிச்சு வெச்ச ஜட்ஜு மாதிரி ரசத்துக்குப் போயிட்டான். அவனும் படத்தை ரெண்டு செகண்டுக்கு மேல பாக்கல. வாசல்னு சொல்றவனும் கல்லைப் பாக்கல, வெறும் கல்லுன்னு சொல்றவனும் கல்லைப் பாக்கல, நடுவுல நான் ஒருத்தன் சாம்பார் ஆறிப்போக உக்காந்திருக்கேன்.

2014 ஜனவரியில செவ்வாயில இருந்த ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் முன்னாடி திடீர்னு ஒரு கல்லு வந்துச்சு, ஞாபகம் இருக்கா, ஓரமெல்லாம் வெள்ளையா நடுவுல ஜாம் தடவுன மாதிரி செவப்பா, டோனட்டுன்னு பேரு வெச்சாங்களே அது. செவ்வாய் கிரகத்து நாள் கணக்குல 3528ஆவது நாள் படத்துல அந்த எடம் காலி, 3540ல பாத்தா கல்லு குந்திக்கிட்டிருக்கு. காளான் மொளைச்சிருச்சுன்னு ஒரு குரூப்பு குதிச்சுது. அன்னைக்கு விஞ்ஞானிங்களும் நம்ம தம்பி மாதிரி "விடுங்கண்ணா"ன்னு போயிருந்தா என்ன ஆயிருக்கும்? அவங்க போகல. அந்த நாலு சென்டிமீட்டர் கல்லுக்கு ரோவரை நிறுத்தி வெச்சு சோதிச்சாங்க, கந்தகமும் மாங்கனீசும் தூக்கலா இருந்துச்சு, அப்புறம் ரோவரைக் கொஞ்சம் நகத்திப் பாத்தா மேட்டுல அதே கலர்ல ஒரு ஒடைஞ்ச பாறை. ரோவர் சக்கரம் ஏறி ஒடைச்ச துண்டு உருண்டு வந்து கெடந்திருக்கு. எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டாங்க, விடை கெடைச்சுது.

நானும் ஒண்ணும் பெரிய யோக்கியன் இல்ல, 2021 டிசம்பர்ல சீனாக்காரன் ரோவர் யூட்டு-2 நிலாவோட அந்தப் பக்கத்துல அடிவானத்துல ஒரு குடிசை மாதிரி தெரியுதுன்னு படம் போட்டப்ப எனக்கும் தூக்கம் வரல. எம்பது மீட்டர் தூரம். ஜனவரியில கிட்டப் போய்ப் பாத்தா முயல் மாதிரி ஒரு சின்னக் கல்லு. ரோவர் பேரும் முயலு. சிரிச்சுக்கிட்டே படுத்துட்டேன், அது நல்லாத்தான் இருந்துச்சு, ஏன்னா போய்ப் பாத்தாங்க.

பாயசம் வர்றதுக்குள்ள ஒரு ரோசத்துல என் ஃபோனை எடுத்து மாமாகிட்ட நீட்டுனேன். செயாவா ஃபால்ஸ். 2024 ஜூலையில நாசாவோட பெர்சிவரன்ஸ் ரோவர், செவ்வாயில ஜெசரோ பள்ளத்துக்குள்ள தண்ணி ஓடுன பழைய ஆத்துத் தடத்துல பாத்த பாறை. மாமா, இதுல சிறுத்தைப் புள்ளி மாதிரி இருக்கு பாருங்க, ஒவ்வொண்ணும் கடுகளவு, சுத்தி கருப்பு வெளிம்பு, நம்ம பூமியில சேத்துல நுண்ணுயிர் இருந்தா இந்த மாதிரி வரும், உயிரே இல்லாமலும் வர வாய்ப்பிருக்கு, அதான் இன்னும் மண்டைய ஒடைச்சுக்கிட்டிருக்காங்க, 2025 செப்டம்பர்ல நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகையில கட்டுரையே வந்துச்சு, அந்தப் பாறையில தொளை போட்டு எடுத்த துண்டு ரோவர் வயித்துக்குள்ள பத்திரமா இருக்குன்னு மூச்சு வாங்கச் சொல்லி முடிச்சேன்.

மாமா கண்ணாடிய நெத்தியில ஏத்திவிட்டுக்கிட்டு பாத்தாரு. விரல்ல பெருசு பண்ணிப் பாத்தாரு. தலைகீழாத் திருப்பியும் பாத்தாரு.

"ஏன் மாப்ள, இது வெறும் கல்லுதானே?"