டொக்ஸிசைக்கிளின் போடும் முறை
எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீரால் தொற்றும் எலிக்காய்ச்சல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். அது வராமலிருக்க ‘வாரம் ஒருமுறை டொக்ஸிசைக்கிளின்’ என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலில் இறங்குபவர்களுக்கு அது போதாது.

அளவு 200 மில்லிகிராம். 100 மில்லிகிராம் குளிசை என்றால் இரண்டையும் சேர்த்தே போட வேண்டும். சேற்றில் கால் வைக்க முன்னரே தொடங்கி, வேலை முடியும்வரை கிழமை தவறக்கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இலவசமாகவே கேட்டு வாங்கலாம்.

பலர் குமட்டுகிறது, நெஞ்சு எரிகிறது என்று இடையில் விட்டுவிடுகிறார்கள். காரணம் போடும் விதம்தான். ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டுப் பாயில் சரிந்தால் குளிசை உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே புண்ணாக்கும். பிறகு எச்சில் விழுங்கவே நோகும். சாப்பிட்டபின், ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீரோடு போட்டு அரை மணி நேரமாவது நிமிர்ந்திருங்கள். பால்தேநீரோடு வேண்டாம்; பாலிலுள்ள கல்சியம், இந்த மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரும்புச்சத்துக் குளிசையும் அப்படித்தான். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் வைத்தியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

போட்டவருக்கும் நோய் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ‘வயல் வேலை செய்தேன்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். வலிக்கென்று டைக்குளோபெனாக் வாங்கிப் போடாதீர்கள். ஏற்கெனவே தாக்கப்படும் சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கும்.