‘ஆங்கிலத்துலயே யோசி’ன்னு சொல்றவங்க கொஞ்சம் நில்லுங்க

ஆங்கிலம் பேசக் கத்துக்க வழி என்னன்னு யாரைக் கேட்டாலும் ஒரே உபதேசம்: “தமிழ்ல யோசிக்காதே, ஆங்கிலத்துலயே யோசி.” சரிங்க, ‘மனசு வரல’ங்கறதை ஆங்கிலத்துல எப்படி யோசிக்கிறதாம்? அகராதி மனசுக்கு ‘மைண்ட்’ தரும், வரலைக்கு ‘டிட் நாட் கம்’ தரும். ஒட்டினா குப்பை. ஆங்கிலத்துல சொல்றது ‘ஐ குடின்ட் ப்ரிங் மைசெல்ஃப் டு டூ இட்’. இதுல மனசு எங்க இருக்கு? ‘மனசு கேக்கல’ன்னா இன்னும் மோசம், அது கிட்டத்தட்ட ‘ஐ குடின்ட் ஜஸ்ட் லீவ் இட்’. இதையெல்லாம் அகராதியில எந்த எழுத்துல போய்த் தேடறது?

அடுத்து ‘எத்தனையாவது’. ஆங்கிலத்துல இதுக்குச் சொல்லே இல்லன்னு மார்தட்டிட்டுப் போயிடறாங்க. பெருமை சரி, கேள்வியை யார் கேக்கறது? ‘வாட் நம்பர் ப்ரெசிடென்ட் வாஸ் லிங்கன்?’னு பேச்சுல கேட்டா ‘சிக்ஸ்டீன்த்’னு பதில் வரும். வீட்டுல எத்தனையாவது பிள்ளைன்னு தெரியணும்னா ‘ஆர் யூ தி ஓல்டஸ்ட்?’னு ஆரம்பிக்கணும். ஆங்கிலம் பேசறவங்க கேள்வியையே வேற பக்கத்துலேர்ந்து போடறாங்க. இதை எந்தப் பாடப்புத்தகம் சொல்லுச்சு?

விகுதிகள் கதை தனி. ‘நீதானே சொன்னே’ உடனே ‘யூ ஒன்லி டோல்ட்’ ஆயிடுது. ‘தான்’ன்னா ‘ஒன்லி’ன்னு எவனோ பழக்கிவிட்டான்! பேசும்போது ‘யூ’வை அழுத்தினாலே ‘தான்’ வந்துடும். எழுத்துலன்னா ‘யூ வேர் தி ஒன் ஹூ செட் இட்’. ‘வந்தாராம்’ல இருக்கற ‘ஆம்’க்கு ‘அப்பேரன்ட்லி’. சந்தேகம் கேக்கறப்ப ‘ஐ ஹேவ் எ டவுட்’னா, நம்ம ஊர்ப் பழக்கம் தெரியாதவர் நீங்க அவர் சொன்னதை நம்பலன்னு எடுத்துக்குவார். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’, தீர்ந்தது.

மொழிபெயர்ப்புக் கருவியில ‘போயிட்டு வரேன்’னு மொட்டையா ரெண்டு சொல்லைப் போட்டுட்டு அதைத் திட்டிப் பிரயோஜனமில்ல. கடைக்குப் போயிட்டு வரதா, விடைபெறுறதா, அதுக்கு எப்படித் தெரியும்? யார், யார்கிட்ட, எந்த நேரத்துல சொல்றாங்கன்னு ஒரு வரி சேர்த்துக் கேளுங்க. விடைபெறுறதுன்னா ‘ஐல் பி ஆஃப் தென்’ மாதிரி ஏதாவது வரணும்.

வந்ததை அப்படியே நம்பவும் கூடாது. இரட்டை மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுங்க. தேடுபொறி காட்டுற எண்ணிக்கை வெறும் உத்தேசம், அதை விட்டுட்டு வாக்கியங்களைப் படிங்க. அதைவிட உருப்படியானது ‘கோகா’ (COCA)ங்கற, நிஜமா பேசின, எழுதின அமெரிக்க ஆங்கிலத்தோட தொகுப்பு: 1990லேர்ந்து 2019 வரைக்குமான நூறு கோடிக்கு மேற்பட்ட சொற்கள். அதுல பேச்சு வழக்குப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, ‘குடின்ட் ப்ரிங் மைசெல்ஃப் டு’க்கு அப்புறம் ஒரு நட்சத்திரக் குறி (*) போட்டா, அடுத்து என்னென்ன வினை வருதுன்னு வரிசையா கொட்டும். தேடுபொறியில வர்ற பக்கமெல்லாம் ‘தினம் ஒரு ஆங்கில வாக்கியம்’ வகையறாவாவே இருந்தா அந்த வாக்கியத்தைத் தொடாதீங்க. எழுதின ஆளும் அகராதியை ஒட்டிப் பார்த்தவராத்தான் இருப்பார்.