ஆய்வகத்துக்கு முன்பே மருந்துக்கடைக்குத் தெரிந்திருந்தது

1993 ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து மருந்துக்கடைகளில் வயிற்றுப்போக்கு மாத்திரைகள் தீர்ந்துபோயின. பள்ளிகளுக்கு மாணவர்களும் வரவில்லை, ஆசிரியர்களும் வரவில்லை. மருத்துவமனை ஊழியர்களே படுத்துவிட்டார்கள். ஏப்ரல் 5 அன்று நகரச் சுகாதாரத் துறை மாநில அதிகாரிகளை அழைத்தபோது, பேர் சொல்லி இன்ன கிருமி என்று காட்ட அதனிடம் எந்தப் பரிசோதனை முடிவும் இல்லை. இத்தனை பேர் ஒரே நேரத்தில் வேலைக்கு வரவில்லை என்ற செய்திதான் இருந்தது.

நோய்க் கண்காணிப்பு என்றால் ஆய்வகம், நுண்ணோக்கி, கணினித் திரை என்று நினைப்பவர்கள் இந்த வரிசையை ஒருமுறை கவனிக்க வேண்டும். முதலில் கடைக்காரருக்குத் தெரிந்தது. அடுத்து பள்ளி வருகைப் பதிவேட்டில் தெரிந்தது. ஏப்ரல் 7 அன்றுதான் இரண்டு ஆய்வகங்கள் ஏழு பேரின் மலத்தில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைக் கண்டன. அன்றிரவே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார் மேயர். ஏப்ரல் 9 அன்று நகரின் தெற்கிலிருந்த சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது.

அதற்குள் தொற்று ஊரெல்லாம் பரவிவிட்டது. மிச்சிகன் ஏரியிலிருந்து எடுத்த தண்ணீர். மார்ச் 21 வாக்கிலிருந்தே அந்த நிலையத்தின் சுத்திகரித்த நீரில் கலங்கல் கூடத் தொடங்கியிருந்தது. மார்ச் 28, 30 ஆகிய நாட்களில் அது, கலங்கலை அளக்கும் அலகில், 1.7 வரை போனது. அன்றைய விதிகளின்படி அந்தத் தண்ணீர் தேறிவிட்டது என்பதுதான் என்னைப் பெரிதும் உறுத்துகிறது. குளோரினும் போட்டுத்தான் அனுப்பினார்கள். ஆனால் இந்த ஒட்டுண்ணி தடித்த உறைக்குள் இருக்கிறது. குடிநீரில் சேர்க்கும் அளவு குளோரின் அதை ஒன்றும் செய்வதில்லை. குறுக்களவு நான்கு முதல் ஆறு மைக்ரான்தான். வடிகட்டல் சற்றுத் தளர்ந்தால் போதும், குழாய் வழியே வீட்டுக்குள் வந்துவிடும். பிறகு, மார்ச் 25 அன்றும் ஏப்ரல் 9 அன்றும் அந்த நகரத்தில் உறையவைத்த பனிக்கட்டிகளை உருக்கிப் பார்த்தபோது, அவற்றுக்குள்ளும் அது இருந்தது.

நோய் உறுதியானவர்களில் 285 பேரை விசாரித்தார்கள். பாதிப் பேருக்கு ஒன்பது நாளோ அதற்கு மேலோ உடம்பு தேறவில்லை. கடுமையான நாளில் பன்னிரண்டு முறை வயிற்றுப்போக்கு என்பது சாதாரணமாக இருந்தது. ஆய்வக எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் நோய் இந்தச் சிறு எண்ணிக்கையோடு நின்றதாகவே தோன்றியிருக்கும். தொலைபேசியில் வீடு வீடாகக் கேட்டபிறகு கிடைத்த மதிப்பீடு வேறு: ஏறத்தாழ 4,03,000 பேர். எத்தனையோ பேர் மருத்துவரிடமே போகவில்லை. போனவர்களுக்கும், அங்கிருந்த ஆய்வகங்களில் பெரும்பாலானவை மருத்துவர் பெயர் குறிப்பிட்டுக் கேட்டாலன்றி இந்த ஒட்டுண்ணியைத் தேடவில்லை. தேடாததால் கிடைக்கவில்லை, கிடைக்காததால் இல்லையென்று இருந்தார்கள்.

இறந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 54 மரணச் சான்றிதழ்களில் இந்த நோய் பதிவாகியிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் நான்கு. இறந்தவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களை இது விடுவதில்லை. அப்போது இதற்கு மருந்தும் இல்லை. மற்றவர்களுக்கு ஒரு வாரத் தொல்லையாக வந்துபோனது அவர்களுக்கு உயிரிழப்பாக முடிந்தது. "எல்லாருக்கும் தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

மில்வாக்கிக்குப் பிறகு நியூயார்க் நகரம் ஒரு நல்ல வேலை செய்தது. வயிற்றுப்போக்கு மருந்தின் விற்பனை, முதியோர் இல்லங்களில் எத்தனை பேருக்கு வயிறு கெட்டது, ஆய்வகங்களுக்கு வரும் மல மாதிரிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தொடர்ந்து பார்க்கத் தொடங்கியது. கிருமியின் பெயர் தெரியும்வரை காத்திருக்காத கண்காணிப்பு அது.

இந்தியாவில் 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் மூன்று வழியாகத் தகவல் திரட்டியது: களப் பணியாளர், மருத்துவர், ஆய்வகம். மூன்றும் தேவைதான். ஆனால் வயிறு கெட்டால் நம் வீடுகளில் முதலில் போவது எங்கே? தெருமுனை மெடிக்கலுக்குத்தான். மாத்திரையும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. வழக்கமான மலப் பரிசோதனையிலும் கிரிப்டோஸ்போரிடியம் எளிதில் தென்படாது, தனியாகச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். கொல்கத்தாவையும் சேர்த்து ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் ஏழு இடங்களில் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வு, கைக்குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக இதைக் காட்டிவிட்டது. இனியும் இது வேறு யாருக்கோ வரும் நோய் என்று இருக்க முடியாது.

ஒவ்வொரு வார்டிலும் ஒரு நாளில் எத்தனை உப்புச் சர்க்கரைப் பொட்டலம் விற்றது என்ற ஒற்றை எண்ணை மருந்துக்கடைகளிடமிருந்து நகராட்சி வாங்கட்டும். குழாய்த் தண்ணீரின் கலங்கல் அளவையும் அதே தாளில், அதே அதிகாரி பார்க்கட்டும்.